ஹவானா சுருட்டுக்கு ஒரு சிபாரிசு

ஆம்பூரிலிருந்து ஒரு தோல் கட்டு கப்பல் ஏறுவதற்கு யார் யார் எங்கெங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று என்னைத் தூக்கத்திலிருந்து எழுப்பிக் கேட்டாலும் வரிசை தப்பாமல் சொல்வேன். ஓய்வு பெற்றபின் யாரும் எழுப்பிக் கேட்பதில்லை. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்நாளில் எனக்கு வீடு வேலூரில், பிழைப்பு ஆம்பூரில். பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலை ஒன்றில் ஏற்றுமதிப் பிரிவு என்று ஒரு மேஜை இருந்தது. அந்தப் பிரிவு முழுவதும் நான்தான்.

வருடத்துக்கு இரண்டு முறை அமெரிக்காவிலிருந்து ஒருவர் வந்து எங்கள் விடுதியில் சில வாரங்கள் தங்குவார். அவருடைய கம்பெனி பூட்ஸ் தயாரிப்பது. எங்கள் தோலைக் கப்பலேறுமுன் பார்த்து, இது ஆகும், இது ஆகாது என்று பிரிப்பது அவர் வேலை. வடக்கு ஜன்னலோரம் மேஜை போட்டு, தோலைப் புரட்டி, விரலால் ஒருமுறை தடவிவிட்டு, ஆகாததன் மூலையில் சாக்கட்டியால் கோடு இழுப்பார். அவருக்கு முன்னால் வந்தவர்களும் கோடு இழுத்தவர்கள்தான். ஆனால் ஏன் என்று சொன்னவர் இவர் ஒருவரே. வெட்டு எங்கே, உண்ணி கடித்த தழும்பு எங்கே என்று தொழிலாளியின் விரலைப் பிடித்து வைத்துக் காட்டுவார். அதனால் அவரைத் 'தொரை' என்று கூப்பிட்டதில் கொஞ்சம் பிரியமும் இருந்தது.

என்னோடு அவருக்கு ஒட்டுதல் ஏற்பட்டது சுருட்டால். நான் காரமான உறையூர்ச் சுருட்டு பிடிப்பவன். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த என் மனைவி, நெஞ்சுநோய் வார்டில் பார்த்ததையெல்லாம் சோற்றோடு சேர்த்துப் பரிமாறியும் நான் திருந்தவில்லை. வீட்டுக்குள் தடை என்பதால் ஆம்பூரில் மட்டும் புகைப்பேன். அவர் தன் ஊரிலிருந்து கொண்டுவரும் சுருட்டு, தங்கும் நாட்களில் பாதி போவதற்குள் தீர்ந்துவிடும். பிறகு என்னுடையதற்குக் கை நீட்டுவார். முதல் தடவை அவர் இருமிய இருமலுக்கு விடுதிச் சமையல்காரர் தண்ணீர்ச் சொம்போடு ஓடிவந்தார். இரண்டாம் வருடம் இருமல் நின்றுவிட்டது.

பேச்சை எங்கே தொடங்கினாலும் அவர் கியூபாவில் கொண்டுபோய்த்தான் முடிப்பார். அந்தச் சின்னத் தீவோடு அவர் நாடு கோபித்துக்கொண்டு வியாபாரத்தை நிறுத்தி அப்போதே இருபது வருடம் ஆகப்போகிறது. சர்க்கரை வரக்கூடாது, புகையிலை வரக்கூடாது. சர்க்கரை வேறு எங்கிருந்தாவது வந்துவிட்டது. சுருட்டுக்குத்தான் மாற்று இல்லை என்பார். அவருடைய அப்பா வைத்திருந்த இரும்புச் சாமான் கடையில், கல்லாப் பக்கத்தில் எப்போதும் ஒரு ஹவானா சுருட்டுப் பெட்டி திறந்திருக்குமாம். வாலிபத்தில் அதிலிருந்து திருடிப் பிடித்ததுதான் அவர் நாக்குக்குக் கிடைத்த முதல் ருசி.

தடைக்குப் பிறகு சுருட்டுப் பிரியர்கள் என்ன ஆனார்கள் என்று அவர் சொல்லக் கேட்டால் சிரிப்பும் வரும், பாவமாகவும் இருக்கும். அவர் ஊரில் ஒரு பல் டாக்டர். எங்கிருந்தோ கடத்தி வந்த சுருட்டின் காகித வளையத்தைக் கழற்றிவிட்டு வேறு நாட்டு வளையம் மாட்டி வைத்திருப்பார். இன்னொருவர் சாதாரணச் சுருட்டுக்கு ஹவானா வளையம் மாட்டி, நாலு மடங்கு விலைக்கு நண்பர்களுக்கே விற்பார். வாரம் ஒருநாள் கூடி உட்கார்ந்து, எது அசல் எது போலி என்று வாதாடுவார்கள். 'இத்தனை வருடத்துக்குப் பிறகு அசல் எப்படி இருக்கும் என்பது எங்களில் ஒருவருக்கும் நிச்சயமில்லை. அதனால்தான் வாதம் முடிவதே இல்லை' என்றார்.

எங்களுக்குத் தடை புதிதல்ல. ஒரு நல்ல கைக்கடிகாரம் வேண்டுமானால் சிங்கப்பூர் போய்வந்தவரின் தயவு வேண்டியிருந்த காலம் அது. ஆனாலும் நம்முடைய தடையில் ஒரு கருணை இருந்தது. பொருள் உள்ளே வரக்கூடாது, அவ்வளவுதான். வெளியூர் போன இடத்தில் அதைத் தொட்டாயா என்று யாரும் கேட்கமாட்டார்கள். அவருடைய தடையோ ஆளோடு சேர்ந்தே பயணம் செய்தது. அவர் கம்பெனி ராணுவத்துக்கு பூட்ஸ் சப்ளை செய்வது. அந்தத் தீவின் பொருள் எதையும் உலகத்தின் எந்த மூலையிலும் தொடமாட்டேன் என்று ஊழியர்களிடம் எழுதி வாங்கியிருந்தார்கள்.

'சட்டம் வெளிநாட்டில் என்ன சொல்கிறது என்பதில் எனக்குக் குழப்பம் உண்டு. கம்பெனி என்ன சொல்கிறது என்பதில் குழப்பமே இல்லை' என்றார். அவரோடு வேலை பார்த்த ஒருவர் ஐரோப்பாவில் ஏதோ ஓட்டலில் ஹவானா பற்றவைத்ததை யாரோ பார்த்துச் சொல்ல, அந்த வாரமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். இவருக்கு ஓய்வுக்கு இன்னும் சில வருடங்களே இருந்தன. அதற்குமுன் வேலை போனால் ஓய்வூதியம் கிடையாது. நோயாளி மனைவி வேறு. இதையெல்லாம் என்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தார்.

எங்கள் முதலாளியை ஊரே பெரிய பாய் என்று கூப்பிடும். அவரிடம் ரஷ்யர்களும் பூட்ஸுக்கு மேல்தோல் வாங்கினார்கள். முதல் தடவை வந்தபோது அன்பளிப்பாக வோட்கா கொண்டுவந்தார்கள். ஐந்து வேளை தொழுகிறவர் வீட்டுக்கு வந்த அந்தப் பாட்டில்களைத் திருப்பித் தர நான் பட்ட பாட்டைத் தனியாக எழுதலாம். அடுத்த தடவை பாடம் கற்றுக்கொண்டு வேறொன்று கொண்டுவந்தார்கள். கியூபாவோடு அவர்களுக்கு நல்ல உறவு. ஆகவே வந்தது ஒரு பெட்டி ஹவானா சுருட்டு.

பெரிய பாய்க்குப் புகையும் ஆகாது. பெட்டியை என் மேஜைமேல் வைத்தார்.

"உன் தோஸ்து எப்பப் பாத்தாலும் வாயில கொள்ளிய வெச்சிட்டே திரியுறாரே, அவருக்குக் குடு. ரஷ்யாக்காரன் சரக்குன்னு சொல்லாத, வாங்காம போய்ட்டாருன்னா?"

"அவரு பயப்படுறது ரஷ்யாவுக்கு இல்ல மொதலாளி."

"அப்ப இன்னாத்துக்கு யோசனை? குடுத்துரு."

அன்று மாலை விடுதியின் பின்வாசலில் அமெரிக்கர் பெட்டியைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். ஒன்றை எடுத்து மூக்கருகே வைத்துக்கொண்டு வெகுநேரம் ஆற்றுப்பக்கம் பார்த்திருந்தார். ஆற்றுப்பக்கமிருந்து வந்தது எங்கள் தொழிற்சாலைக் கழிவின் நாற்றம். அது அவருக்கு எட்டியதாகவே தெரியவில்லை. பிறகு காகித வளையத்தைக் கழற்றி, நாலாகக் கிழித்து, சமையல்கட்டு அடுப்பில் போட்டுவிட்டு வந்து பற்றவைத்தார். எனக்கும் ஒன்று கொடுத்தார். பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர்போல என் முகத்தையே பார்த்தார்.

நன்றாக இருந்தது. என் நாக்கு உறையூரில் காய்ச்சி அடிக்கப்பட்ட நாக்கு. அதற்கு அது கொஞ்சம் மென்மைதான். 'பிரமாதம்' என்றேன்.

'அப்படியா?' என்றார். சுருட்டு பாதி சாம்பலாயிற்று. 'உண்மையைச் சொல்லட்டுமா? நான் இருபது வருடமாக நினைத்துக்கொண்டிருந்தது இதுதானா என்று எனக்குத் தெரியவில்லை. இதைவிட நன்றாக இருந்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. ஊரில் போய் யாரிடமும் கேட்கவும் முடியாது' என்றார். அவர் கலங்கியதை நான் பார்த்தது அப்போதுதான். ஆனாலும் தினமும் மாலையில் ஒன்று பிடித்தார். ஒவ்வொரு முறையும் வளையம் அடுப்புக்குப் போனது.

அந்தப் பருவத்தின் கடைசி வாரம் வாலாஜாபேட்டையில் என் மனைவி வழியில் ஒரு கல்யாணம். விடுப்பில் போனேன். அமெரிக்கரின் பயணத் தேதி முன்னதாக மாறிவிட்டதால் வழியனுப்பு விழாவையும் முன்னால் வைத்துவிட்டார்கள். நான் திரும்பி வந்தபோது அவர் கிளம்பிப் போயாகிவிட்டது. தபால் அனுப்பும் குமாஸ்தாதான் விவரம் சொன்னார்.

"இன்னா சார், கல்யாணச் சாப்பாடு ஜாஸ்தியா? இங்க நடந்ததை வுட்டுட்டீங்களே. பிரியாணி, மாலை, சால்வை. பெரிய பாயே தொரை வாயில சுருட்ட வெச்சு, அவரு கையாலயே பத்த வெச்சாரு. ஒரே கைதட்டு. ஸ்டூடியோக்காரன் பாத்து எடுத்தான் பாருங்க ஒரு போட்டோ, அப்டியே சினிமா மாதிரி."

"போட்டோவா? எங்க அது?"

"ஒண்ணு பெரிய பாய் ரூம்ல. இன்னொண்ணு பெருசா போட்டு, ஃபிரேம் மாட்டி, தொரையோட கம்பெனி மொதலாளிக்கு ரிஜிஸ்டர் பார்சல்ல அனுப்பிட்டோம். நேத்து."

பெரிய பாயின் அறைக்குள் போய்ப் படத்தைப் பார்த்தேன். அமெரிக்கரின் கழுத்தில் ரோஜா மாலை. வாயில் சுருட்டு, அதில் வளையம் பளிச்சென்று இருந்தது. கூட்டத்துக்கு நடுவில் அதைக் கழற்ற அவருக்கு நேரம் ஏது? பக்கத்தில் பெரிய பாய் சுருட்டுப் பெட்டியைத் திறந்து, மூடி காமிராவைப் பார்க்கும்படி பிடித்திருந்தார். மூடியில் ஹவானா என்று தெளிவாகப் படிக்க முடிந்தது. ஸ்டூடியோக்காரர் திறமைசாலி.

"எப்பிடி இருக்கு?" என்றார் பெரிய பாய்.

"எதுக்கு மொதலாளி அவங்க கம்பெனிக்கு அனுப்பினீங்க?"

"பின்ன? ஒரு ஆளுக்கு மரியாதை செஞ்சா அது அவன் மேலாளுக்குத் தெரியணும்பா. நாளைக்குச் சம்பளம் ஏத்தறப்ப ஞாபகம் வரும். தெரியாம செய்யறதுக்கு மரியாதை எதுக்கு?"

எங்கள் பகுதியில் அதுதான் வழக்கம். வேறு வழியில்லாமல் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் நாடு, அந்தத் தீவு, கம்பெனி எழுதி வாங்கியது, ஐரோப்பாவில் மாட்டிய ஆள், ஓய்வூதியம் எல்லாவற்றையும் சொன்னேன். பெரிய பாய் எழுந்து நின்றுவிட்டார்.

"சுருட்டு பிடிச்சா வேலை போவுமா? இன்னா நாடுய்யா அது? சாராயம் இல்ல, கஞ்சா இல்ல, சுருட்டு!"

"அங்க அப்பிடித்தான் மொதலாளி."

"நான் அவரு வயித்துல அடிச்சிட்டனா?"

"இன்னும் இல்ல. அனுப்பினவரே தபாலைத் திருப்பிக் கேக்கறதுக்கு ரூல் இருக்கு. நான் போய் வாங்கிட்டு வர்றேன். நீங்க ஒண்ணும் செய்ய வேணாம்."

ஆயுளில் ஒருநாளும் ஒன்றும் செய்யாமல் இருந்தறியாத மனிதரிடம் இதைச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

ஆம்பூர் அஞ்சல் அதிகாரிக்கு அப்படி ஒரு விதி இருப்பதே தெரிந்திருக்கவில்லை. எந்த அத்தியாயம் என்று சொன்னேன். அவர் புத்தகத்தை எடுத்துப் படித்துவிட்டு, "இருக்கு சார்" என்று வருத்தத்தோடு ஒப்புக்கொண்டார். "என் சர்வீஸ்ல ஒருத்தரும் கேட்டதில்ல. பார்சல் மேல எழுதின விலாசம் மாதிரியே ஒண்ணு எழுதிக் குடுங்க, அனுப்பினவர் அதிகாரக் கடிதம் குடுங்க, கட்டணம் கட்டுங்க." அதிகாரக் கடிதம் எப்போதும் என் பையில் இருக்கும். பார்சல் எங்கே என்று கேட்டேன். கிழக்கே சென்னைக்குப் போக வேண்டிய தபால் முதலில் மேற்கே ஜோலார்பேட்டைக்குப் போய், அங்கே பிரிக்கப்பட்டு, பிறகு ஆம்பூர் வழியாகவே சென்னைக்குப் போகும். அஞ்சல் துறைக்கு அதில் ஒரு நியாயம் உண்டு. அதிகாரியின் கடிதத்தை நானே கையில் வாங்கிக்கொண்டு அடுத்த பாசஞ்சரில் ஏறினேன்.

வண்டியில் உட்கார்ந்தபின்தான் பயம் வந்தது. எத்தனையோ கப்பல்களைத் தவறவிட்டிருக்கிறேன். தவறினால் அடுத்த கப்பல் என்று ஒன்று இருக்கும். இங்கே அப்படி ஒன்றும் இல்லை. அமெரிக்கர் அப்போது வானத்தில் எங்கேயோ இருந்தார். வீட்டில் மனைவி காத்திருப்பாள். அவர் அலுவலகம் போய்ச் சேரும் நாளும் அந்தப் படம் போய்ச் சேரும் நாளும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும் என்று கணக்கு வந்தது.

ஜோலார்பேட்டையில் ரயில்வே தபால் அலுவலகம் பிளாட்பாரத்தோடு ஒட்டியிருந்தது. பிரிக்கிறவர் கடிதத்தை வாங்கி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார்.

"இதுக்குப் போயா சார் இவ்ளோ பேஜாரு பட்டு வந்தீங்க? வெளிநாட்டுப் பார்சலு, மேல கஸ்டம்ஸ் சீட்டு ஒட்டல. யாரு அனுப்பினது?"

"எங்க குமாஸ்தா."

"ரூல் தெரியாத ஆளா? அதான் ஓரமா வெச்சிருக்கேன். நாளைக்கு ஆம்பூருக்கே திருப்பி அனுப்பறதா இருந்தேன். நீங்க வீட்ல குந்திட்டு இருந்தாலும் வந்திருக்கும்."

விதி தெரியாத ஒரு மனிதருக்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னது என் வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான். பார்சலை மடியில் வைத்துக்கொண்டு திரும்பினேன். கண்ணாடிகூட உடையவில்லை.

பெரிய பாய் அலுவலகத்திலேயே காத்திருந்தார். பார்சலை மேஜைமேல் வைத்தேன்.

"அல்லாவுக்கு நன்றி" என்றார். பிறகு என் தோளைத் தட்டினார். "அது கெடைச்சாலும் சரி, கெடைக்காட்டியும் சரி, நீ இனிமே கவலைப்படாத. நான் எல்லாம் சரி பண்ணிட்டேன்."

"இன்னா பண்ணீங்க மொதலாளி?"

"எட்டு மடங்கு காசு போனாலும் உடனே லைன் கெடைக்கட்டும்னு மெட்ராஸுக்கு லைட்னிங் கால் போட்டேன். நம்ம பெரியமேட்டு ஆபீஸ்ல இருந்து அவங்க கம்பெனி மொதலாளிக்கே டெலக்ஸ் அடிக்கச் சொல்லிட்டேன். 'உங்க ஆளு கியூபா சுருட்டு பிடிச்சாரு, அது உண்மை. ஆனா வற்புறுத்திக் குடுத்தது நானு. தப்பு என்னோடது. அவரு தங்கமான மனுஷன். பெரிய மனசு பண்ணி வேலையில வெச்சிக்கணும்.' இப்பிடித்தான் சொன்னேன். சரியா சொன்னேனா?"

பெரிய பாயின் சிபாரிசுக்கு எங்கள் ஊரில் இருந்த மதிப்பைச் சொல்லாவிட்டால் இது புரியாது. கையாடல் செய்து மாட்டிய மின்வாரியப் பையனுக்காக நேரில் போய், 'தப்பு என்மேல, பையனை மன்னிச்சிருங்க' என்று இவர் சொன்னபோது, இன்ஜினீயர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார் என்பார்கள். குற்றத்தைப் பெரியவர் ஒருவர் தன் தலையில் ஏற்றுக்கொண்டு வாசலில் வந்து நின்றால், அதற்குமேல் தண்டிப்பது அநாகரிகம். இது உலகம் முழுவதும் செல்லும் நாணயம் என்று அவர் நம்பினார்.

நான் உடனே பெரியமேட்டு அலுவலகத்துக்கு டிரங்க் கால் போட்டேன். மானேஜர் உற்சாகமாக இருந்தார். "போயாச்சு சார். அந்தப் பக்கம் கெடைச்சதுக்குக் குறியும் வந்துடுச்சு. பெரிய பாய் சொன்னதை நல்ல இங்கிலீஷ்ல போட்டிருக்கேன், நீங்களே பாத்தா மெச்சுவீங்க."

அஞ்சலில் போனதைத் திருப்பிக் கேட்க விதி உண்டு. இங்கே தட்டியதும் கடல் தாண்டி அங்கே தாளில் அச்சாகிவிடும் டெலக்ஸில் போனதற்குக் கிடையாது. எனக்குத் தெரியாமல் ஏதாவது இருக்குமோ என்று அன்றிரவு புத்தகங்களைப் புரட்டினேன். இல்லை.

இரண்டு நாளில் பதில் வந்தது. பெரிய பாய்க்குப் படித்துச் சொன்னேன். தகவலுக்கு நன்றி, விஷயம் கவனத்தில் எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளது.

"பாத்தியா, நன்றின்னு போட்டிருக்கான்" என்றார் பெரிய பாய். தாளை என் கையிலிருந்து வாங்கி எனக்கே காட்டினார். முகம் தெளிந்திருந்தது. அதே வாக்கியத்தை என் உத்தியோகத்தில் நானும் எத்தனையோ பேருக்கு எழுதியிருக்கிறேன். அதைப் பெற்றவர்களில் யாருக்கும் நல்லது நடந்ததாக நினைவில்லை. அவரிடம் அதைச் சொல்லவில்லை.

அடுத்த பருவத்துக்கு வேறு ஆள் வந்தார். இளைஞர், புகைப்பதில்லை, பேசுவதும் குறைவு. வந்த அன்றே பெரிய பாய் அவரிடம் முன்னவரைப் பற்றி விசாரிக்கச் சொன்னார். நான் கேட்டேன். அவர் இப்போது எங்கள் கம்பெனியில் இல்லை என்றார் இளைஞர். ஓய்வா என்றேன். இல்லை என்றார். கோடு இழுத்த தோலை இன்னொரு பக்கம் புரட்டிவிட்டு, தாழ்ந்த குரலில், 'அவராகக் காட்டிக்கொள்ளவில்லை. இங்கிருந்துதான் ஏதோ செய்தி வந்ததாகச் சொல்கிறார்கள்' என்றார்.

பெரிய பாய்க்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. ஆனால் என் முகத்தைப் படிக்க அவருக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

"என்னாலயா?"

"அவங்க சட்டம் மொதலாளி."

"சட்டம் போட்டவன் யாருன்னு எனக்குத் தெரியாது. டெலக்ஸ் அடிச்சது நானு." மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "அமெரிக்கா போறதுக்கு இன்னா இன்னா பேப்பர் வேணும்?"

விளையாட்டில்லை. நேரில் போய் அந்த வீட்டு வாசலில் நின்று மன்னிப்புக் கேட்கப் போகிறேன் என்றார். அவர் ஹஜ்ஜைத் தவிர வேறு பயணம் போனதில்லை, சர்க்கரை வியாதி வேறு. நான் வரிசையாகச் சொன்னேன். பாஸ்போர்ட்டு, அந்நியச் செலாவணிக்கு ரிசர்வ் வங்கி அனுமதி, விசா. அவற்றோடு, பார்க்கப் போகிறவரிடமிருந்து ஓர் அழைப்புக் கடிதம்.

"யாரு கடிதம்?"

"அவருதான். நீங்க வரலாம்னு அவரு எழுதணும்."

"நான் மன்னிப்புக் கேக்க வர்றேன்னு அவருகிட்டயே அனுமதி கேக்கணுமா?"

"ஆமா மொதலாளி."

இளைஞரிடம் வீட்டு முகவரி வாங்கி எழுதினேன். பெரிய பாய் சொல்லச் சொல்ல, ஒரு வார்த்தைகூடத் திருத்தாமல் மொழிபெயர்த்தேன். அதற்குப் பிறகு தபால்காரர் வரும் வேளைக்கெல்லாம் அவர் ஏதாவது ஒரு சாக்கில் என் மேஜைப்பக்கம் வந்துவிடுவார். கேட்கமாட்டார், நிற்பார். பாஸ்போர்ட்டுக்கான படம்கூட எடுத்து வைத்துவிட்டார்.

பதில் மழைக்காலம் தொடங்கியபின் வந்தது. ஒரு சிறிய அட்டை. அவரிடம் படித்துக் காட்டினேன். பெரிய பாயின் அன்புக்கு நன்றி. தான் யார்மீதும் வருத்தப்படவில்லை. ஊரில் ஒரு கடையில் வேலை கிடைத்திருக்கிறது, மனைவி பரவாயில்லை. வயதான காலத்தில் அவர் இவ்வளவு தூரம் அலைய வேண்டாம். ஒரே ஒரு வேண்டுகோள், தன்னைப் பற்றி இனி யாரும் யாருக்கும் எதுவும் எழுதாமல் இருந்தால் நல்லது.

"இன்னொரு வாட்டி படி."

படித்தேன்.

"கோவமா எழுதலியே."

"இல்ல மொதலாளி."

அட்டையை வாங்கி, தனக்குப் படிக்க வராத அந்த எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"திட்டி எழுதியிருக்கலாம் சார்" என்றார். அதுவரை என்னை அவர் சார் என்று கூப்பிட்டதே இல்லை. "நாலு வார்த்தை திட்டியாவது எழுதியிருக்கலாம்."

நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் சத்தம் கேட்டது. அட்டையை என் மேஜைமேலேயே வைத்துவிட்டுப் போனார்.